வாசலில் கூட்டம், கிடங்கில் கணக்கு

2007 அக்டோபர் 31 அன்று, துளை போட்ட நுரைச் செருப்புகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான க்ராக்ஸ் தன் மூன்றாம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. மறுநாள் அதன் பங்கு ஒரே நாளில் 36 சதவீதம் விழுந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், லபுபு பொம்மையால் உலகெங்கும் பேசப்பட்ட சீன நிறுவனமான பாப் மார்ட், தன் மூன்றாம் காலாண்டு வருவாய் 245 முதல் 250 சதவீதம் வரை வளர்ந்ததாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் அதன் பங்கும் இறங்கியது. விற்பனை ஏற ஏறப் பங்கு இறங்குவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதிராகத் தோன்றும். "மோகம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்" என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம். அந்த விளக்கம் பாதிதான் சரி. வைரலாகும் பொருளை நம்பிப் பணம் போட்டவர்களின் நஷ்டத்தை ஆராய்ந்தால், வாங்குவோர் கூட்டம் கலைந்தது அதன் முதற்காரணமாக இருப்பது அரிது. கூட்டம் அப்படியே நீடிக்கும் என்று நம்பி நிறுவனம் எவ்வளவு பொருளைச் செய்து குவித்தது, அதே நம்பிக்கையில் முதலீட்டாளர் பங்குக்கு என்ன விலை கொடுத்தார் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. கடை வாசலில் நிற்கும் வரிசையை ஊரே பார்க்கிறது. முதலீட்டாளர் பார்க்க வேண்டியது பின்கட்டில் இருக்கும் கிடங்கை.

விலையிலிருந்தே தொடங்கலாம். ஒரு பொருள் வைரலாகிவிட்டது என்றாலே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பொருள். எல்லோருக்கும் தெரிந்த செய்தி பங்கின் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். பல சமயம் தேவைக்கு அதிகமாகவே ஏறியிருக்கும். நிதியியல் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. ஒரு நிறுவனத்தைப் பற்றிய கூகுள் தேடல்கள் திடீரென்று கூடும்போது அடுத்த இரண்டு வாரங்களுக்கு அதன் பங்கு ஏறுவதையும், ஓராண்டுக்குள் அந்த ஏற்றம் திரும்பிவிடுவதையும் ஷி டா, ஜோசப் எங்கல்பெர்க், பெங்ஜி காவ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு கண்டறிந்தது. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் முதலியோர் ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தகச் செயலியின் சில்லறை முதலீட்டாளர்களை ஆராய்ந்து 2022இல் எழுதிய கட்டுரையில், அவர்கள் ஒரே நாளில் முண்டியடித்து வாங்கிய முன்னணிப் பங்குகள் அடுத்த இருபது வர்த்தக நாட்களில் சந்தையின் இயல்பான போக்கைவிடச் சராசரியாக 4.7 சதவீதம் பின்தங்கியதைக் காட்டினார்கள். கவனம் ஓரிடத்தில் குவியும்போது வாங்குவோர் பெருகுகிறார்கள். சில்லறை முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கையில் இருக்கும் பங்கை மட்டுமே விற்கிறார்கள், வாங்குவதற்கோ யாரும் வரலாம் என்பதால் விலை ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. இந்த ஆய்வுகள் வைரல் பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டவை அல்ல. ஆனாலும் கவனத்தைத் துரத்தி வாங்குவதற்கு ஒரு விலை உண்டு என்பதை அவை நிறுவுகின்றன.

விலை ஒரு பக்கம் என்றால் கையிருப்பு மறுபக்கம். இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு க்ராக்ஸ் நல்ல பாடம். 2002இல் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய அந்த நிறுவனம் 2006 பிப்ரவரியில் ஒரு பங்கு 21 டாலர் என்று சந்தைக்கு வந்தது. 2005இல் சுமார் 11 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை, 2006இல் 35.5 கோடியாகவும் 2007இல் 84.7 கோடியாகவும் ஏறியது. பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின்னும் 2007 அக்டோபரில் 75 டாலரை நெருங்கியது. இதே காலத்தில் கிடங்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2006 இறுதியில் சுமார் 8.6 கோடி டாலராக இருந்த சரக்குக் கையிருப்பு 2007 இறுதியில் சுமார் 24.8 கோடியாகியது. அந்த ஆண்டில் விற்பனை 2.4 மடங்கானபோது, விற்காமல் கையில் நின்ற சரக்கு 2.9 மடங்காகியிருந்தது. 2008இல் விற்பனை 72.2 கோடியாகக் குறைந்தது. அதாவது சரிவு சுமார் 15 சதவீதம்தான். ஆனால் அந்த ஆண்டு நிறுவனம் 18.5 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. கனடாவின் கியூபெக் நகரில் இருந்த ஆலையை மூடியது. பங்கு நவம்பரில் ஒரு டாலர் அளவுக்கு விழுந்தது. உலக நிதி நெருக்கடியும் அந்த ஆண்டில்தான் வந்தது என்பதால் பழியில் ஒரு பகுதி அதற்கும் சேரும். இருந்தும், செருப்பை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விற்பனையில் 15 சதவீதம் குறைந்ததற்குப் பங்கில் 98 சதவீதம் போனது என்றால், நடுவே அந்தச் சரிவைப் பெருக்கிக் காட்டிய ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பெருக்கத்துக்கு ஒரு விளக்கம் உண்டு. பொருள் கிடைக்காத காலத்தில் கடைக்காரர் தனக்குத் தேவையானதைவிட அதிகமாக ஆர்டர் கொடுக்கிறார். நூறு கேட்டால் ஐம்பதுதான் வரும் என்று தெரிந்தே இருநூறு கேட்கிறார். மொத்த வியாபாரி அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக் கேட்கிறார். ஆலைக்கு வந்து சேரும்போது அந்த எண், பொருளை உண்மையில் கேட்ட வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையோடு தொடர்பே இல்லாததாகிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டின் ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் 1997இல் விரிவாக எழுதிய இந்த நிகழ்வுக்குச் சாட்டை விளைவு என்று பெயர்: பிடியில் கை சற்று அசைந்தால் போதும், நுனி வெகுதூரம் வீசும். வைரல் பொருளில் பிடியே வேகமாக அசைகிறது. நுனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் காற்று எவ்வளவு நேரம் வீசும் என்று தெரியாமல் களத்தையே பெரிதாக்கிவிட்டால், காற்று நின்றதும் தூற்றாத நெல் மலையாகக் கிடக்கும். கணக்கியல் முறை இந்த மலையைக் கொஞ்ச காலம் மறைத்தும் வைக்கும். விற்காத சரக்கு செலவாகப் பதிவதில்லை, சொத்தாகவே ஏட்டில் நிற்கிறது. அடக்க விலைக்குக்கூட விற்காது என்று தெளிவான பிறகுதான் அதன் மதிப்பைக் குறைத்து நஷ்டமாக எழுதுகிறார்கள். அதனால்தான் பல காலாண்டுகள் அழகாக இருந்த லாபக் கணக்கு ஒரே காலாண்டில் இடிந்து விழுவதுபோலத் தெரிகிறது. உண்மையில் இடிபாடு முன்பே தொடங்கியிருக்கும். அது எழுதப்பட்டிருப்பது ஆஸ்திப் பொறுப்புப் பட்டியலில்.

வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் பெலோட்டன் இதே கதையை இன்னும் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. 2019 செப்டம்பரில் 29 டாலருக்கு வெளியான அதன் பங்கு, ஊரடங்குக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபின் 2021 ஜனவரியில் 160 டாலரைத் தாண்டியது. அப்போது வாடிக்கையாளர்களின் பெருங்குறை, காசு கட்டியும் சைக்கிள் வந்து சேரப் பல வாரம் ஆகிறது என்பதே. நிர்வாகம் அதைத் தீர்க்கக் கிளம்பியது. 42 கோடி டாலர் கொடுத்து ப்ரிகோர் என்ற உடற்பயிற்சிக் கருவி நிறுவனத்தை வாங்கியது. ஒஹையோ மாநிலத்தில் 40 கோடி டாலரில் ஆலை கட்டப்போவதாக 2021 மே மாதம் அறிவித்தது. 2021 ஜூனில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 183 கோடி டாலரிலிருந்து 402 கோடியாக, அதாவது 2.2 மடங்காக உயர்ந்தது. கையிருப்பு சுமார் 24 கோடியிலிருந்து 94 கோடியாக, ஏறக்குறைய 3.8 மடங்கானது. 2022 பிப்ரவரியில் தலைமை நிர்வாகி ஜான் ஃபோலி பதவி விலகினார், சுமார் 2,800 பேர் வேலை இழந்தார்கள், ஒஹையோ ஆலை கைவிடப்பட்டது. 2022 ஜூனில் முடிந்த ஆண்டின் வருவாய் 358 கோடி, நஷ்டம் 283 கோடி. இங்கேயும் விற்பனையின் சரிவு சுமார் 11 சதவீதம்தான். நீடித்துழைக்கும் பொருளுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் சேர்ந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள் போதும்; வாங்கியவர் மறுபடி வரப்போவதில்லை. இத்தகைய பொருட்களின் முதல் விற்பனை ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்பதை ஃபிராங்க் பாஸ் 1969லேயே கணித வடிவில் எழுதிவிட்டார். வைரல் செய்வதெல்லாம் அந்த உச்சத்தை முன்கூட்டியே, செங்குத்தாகக் கொண்டுவருவதுதான்.

அப்படியானால் குறைவாகவே செய்து தட்டுப்பாட்டை நீட்டித்தால் ஆகாதா என்று கேட்கலாம். பாப் மார்ட்டின் அனுபவம் இதன் இரு பக்கத்தையும் காட்டுகிறது. ஹாங்காங்கில் பிறந்த காசிங் லங் 2015இல் உருவாக்கிய லபுபு, 2019இல் பாப் மார்ட்டின் கைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் தென்கொரிய இசைக்குழுவான பிளாக்பிங்கின் பாடகி லிசா அதைத் தன் கைப்பையில் மாட்டிக்கொண்டு சமூக ஊடகத்தில் படம் போட்ட பிறகு அது காட்டுத்தீயாகப் பரவியது. 2025 முதல் ஆறு மாதங்களில் நிறுவனத்தின் வருவாய் 1,388 கோடி யுவான். அதில் லபுபு அடங்கிய மான்ஸ்டர்ஸ் வரிசை மட்டும் 481 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தட்டுப்பாடு இருந்தவரை, கடையில் வாங்கி வெளியே பல மடங்கு விலைக்கு விற்றவர்களின் கைக்கு லாபத்தின் ஒரு பகுதி போனது. பிரிட்டனில் கடைகளில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு, 2025 மே மாதம் கடை விற்பனையையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நிறுவனம் உற்பத்தியைப் பெருக்கியது. துணிப் பொம்மைகளின் மாத உற்பத்தித் திறன் சுமார் மூன்று கோடி என்றும், அது முந்தைய ஆண்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் என்றும் ஆகஸ்டில் தெரிவித்தது. செப்டம்பரில் சரக்கு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் மறுவிற்பனை விலைகள் சரிந்தன. கிடைக்காததால் விரும்பப்பட்ட பொருளை எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்தால் விருப்பம் குறைகிறது. செய்யாவிட்டால் லாபம் அடுத்தவர் பைக்குப் போகிறது. இந்த இக்கட்டிலிருந்து நிரந்தரமாக வெளியேறும் வழி எந்த நிறுவனத்துக்கும் இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் 330 ஹாங்காங் டாலரைத் தாண்டிய பங்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் தன் விலையில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் இழந்தது.

பாப் மார்ட்டின் முந்தைய அத்தியாயம் இதைவிடவும் அறிவூட்டக்கூடியது. 2020 டிசம்பரில் 38.50 ஹாங்காங் டாலருக்கு வெளியான பங்கு முதல் நாளிலேயே ஏறக்குறைய 80 சதவீதம் உயர்ந்து, 2021 பிப்ரவரியில் 100 டாலரைக் கடந்தது. 2022 இறுதிக்குள் அது 10 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. இந்தக் காலத்தில் விற்பனை என்ன ஆயிற்று? 2020இல் 251 கோடி யுவான், 2021இல் 449 கோடி, 2022இல் 462 கோடி. லாபம் 2022இல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் பொம்மை வாங்குவதை மக்கள் நிறுத்தவே இல்லை. பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கியதன் பெரும்பகுதி, முன்பு கொடுத்த விலையில் அடங்கியிருந்த எதிர்பார்ப்பு வடிந்ததால் நேர்ந்தது. பிறகு வந்த முப்பது மடங்கு ஏற்றத்தின் பலனை முழுதாகப் பெற்றவர், பாப் மார்ட் பற்றி யாரும் பேசாத 2022இல் வாங்கியவர். ஊர் பேசிய 2021லோ 2025 ஆகஸ்டிலோ வாங்கியவர் அல்லர். நிறுவனம் ஒன்று, பொருளின் வகை ஒன்று. வாங்கிய விலை மட்டும் வேறு.

இந்திய முதலீட்டாளர் இதோடு இன்னொரு கண்ணியையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு பெரும்பாலும் கடையில் வாடிக்கையாளர் வாங்கியதை வைத்து எழுதப்படுவதில்லை, விநியோகஸ்தருக்குச் சரக்கு போனதை வைத்து எழுதப்படுகிறது. எனவே கிடங்கு நிறுவனத்தின் ஏட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். இணைய விளம்பரத்தாலும் சமூக ஊடகப் பிரபலங்களாலும் வளர்ந்த மாமாஎர்த் பிராண்டின் உரிமையாளரான ஹொனாசா கன்ஸ்யூமர், 2023 நவம்பரில் 324 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. ஓராண்டு கழித்து, முக்கிய நகரங்களில் இடைநிலை ஸ்டாக்கிஸ்டுகளை விலக்கி நேரடி விநியோகஸ்தர்களுக்கு மாறும்போது சந்தையில் இருந்த சரக்கைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பர் காலாண்டில் வருவாய் குறைந்து, சுமார் 18.6 கோடி ரூபாய் நஷ்டம் பதிவானது. முடிவு வெளியானபின் நடந்த முதல் வர்த்தக நாளில் பங்கு 20 சதவீதக் கீழ்வரம்பில் முடங்கியது. இணையத்தில் பிறந்த பிராண்ட் தெருமுனைக் கடைக்குப் போகும்போது, பார்வைகளையும் விருப்பக் குறிகளையும் எண்ணுவதைவிட ஸ்டாக்கிஸ்டின் அலமாரியை எண்ணுவது முக்கியமாகிறது என்பதே இதன் பாடம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஓர் எளிய தடை இருக்கிறது: வைரலாகும் பொருளின் லாபத்தைப் பங்குச்சந்தையில் வாங்கவே பல சமயம் வழியில்லை. ஸ்டான்லி குவளையின் ஆண்டு விற்பனை 2019இல் சுமார் 7.3 கோடி டாலரிலிருந்து 2023இல் 75 கோடியாக உயர்ந்தது; அதன் உரிமையாளர் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். பெரிய குழுமத்தின் பொருளாக இருந்தாலோ, ஒரு சோப்போ பிஸ்கட்டோ எவ்வளவு பரவினாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். வழியில்லாத ஆசை வேறு வழி தேடும். 2021 ஏப்ரலில் நாடெங்கும் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு பெயரை வைத்தே பறந்தது. வாயுத் தொழிலை அது 2019லேயே விட்டிருந்தது. நேரடியாக வாங்க வழி இருக்கும் இடத்திலும், யார் விற்கிறார்கள் என்று கேட்பது நல்லது. 2019 மே மாதம் 25 டாலருக்கு வெளியான தாவர இறைச்சி நிறுவனம் பியாண்ட் மீட், மூன்று மாதத்துக்குள் 160 டாலருக்கு இன்னொரு வெளியீடு நடத்தியது. அதில் விற்கப்பட்ட 32.5 லட்சம் பங்குகளில் 30 லட்சம் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுடையவை. நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் அந்த விலையில் கைமாற்றிவிடத் தயாராக இருந்தார்கள். 2025 அக்டோபரில் அந்தப் பங்கு ஒரு டாலருக்கும் கீழே வந்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, புகழ்பெற்ற அமெரிக்க நிதி மேலாளர் பீட்டர் லிஞ்சின் பெயரால் சொல்லப்படுவது: அன்றாட வாழ்வில் நல்ல பொருளைச் சந்தைக்கு முன்பே கண்டுகொள்ளும் வாய்ப்பு சாதாரண நுகர்வோருக்கு உண்டு, அதை ஏன் விட வேண்டும்? க்ராக்ஸையே எடுத்தால், வெளியீட்டு விலையில் வாங்கி 2007 அக்டோபரில் விற்றவருக்குப் பணம் ஏழு மடங்கானது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் லிஞ்ச் 1989இல் எழுதிய புத்தகத்தில் பொருளைக் கண்டதும் வாங்கச் சொல்லவில்லை. அது ஆராய்ச்சியின் தொடக்கம் மட்டுமே என்றார். அந்தப் பொருள் நிறுவனத்தின் மொத்த விற்பனையில் எத்தனை பங்கு என்று கேட்கச் சொன்னார். சூடான துறையின் சூடான பங்கை விட்டு விலகச் சொன்னார். மேலும், முன்கூட்டிக் கண்டுகொள்ளும் வாய்ப்பு அண்டை வீட்டார் பேசும்போது இருந்திருக்கலாம். ஒரே இரவில் பல கோடிப் பேர் ஒரே காணொளியைப் பார்க்கும் காலத்தில் நுகர்வோருக்கும் நிதி மேலாளருக்கும் செய்தி ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. ஏழு மடங்கு சம்பாதித்தவர் கண்டுகொண்டதோடு நிற்கவில்லை, விற்கவும் செய்தார் என்பதை மறக்கக் கூடாது. விற்கும் நேரத்தை அறியக் கிடங்கைப் பார்ப்பதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு, மோகமாகத் தொடங்கி நிலைத்துவிட்ட வெற்றிகளைச் சுட்டுகிறது. 2002இல் வந்த மான்ஸ்டர் ஊக்க பானத்தை இளைஞர்களின் விளையாட்டுப் பைத்தியம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அதை விற்ற ஹேன்சன் நேச்சுரல் பின்னர் மான்ஸ்டர் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. 2015இல் கோகோ கோலா சுமார் 215 கோடி டாலர் கொடுத்து அதில் 16.7 சதவீதப் பங்கை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது. பானம் குடித்தால் தீரும். வாடிக்கையாளர் அடுத்த நாளே திரும்ப வருவார். தயாரிப்பதையும் நிரப்புவதையும் அந்த நிறுவனம் பெரும்பாலும் வெளி ஆலைகளிடம் விட்டிருந்ததால், தேவை ஏறி இறங்கினாலும் சொந்தக் கிடங்கும் சொந்த ஆலையும் கழுத்தை நெரிக்கவில்லை. அதாவது பெலோட்டனை வீழ்த்திய இரண்டும் இங்கே இல்லை. வைரலானது நிலைக்குமா என்ற கேள்விக்குப் பொருளின் கவர்ச்சியைவிட அது எத்தனை முறை வாங்கப்படும், தவறான கணிப்பின் செலவை யார் சுமப்பார் என்ற இரண்டும் நல்ல விடை தருகின்றன.

மூன்றாவது மறுப்பு, நடந்து முடிந்ததைப் பின்னால் நின்று சொல்வது எளிது என்பது. இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். க்ராக்ஸில் எச்சரிக்கையும் வீழ்ச்சியும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்தன. கையிருப்பைப் பார்த்து முன்கூட்டியே தப்பியிருக்க முடியும் என்று சொல்வது மிகை. பெலோட்டனில் அப்படியில்லை. கையிருப்பு நான்கு மடங்கை நெருங்கிய கணக்கு 2021 ஆகஸ்ட் இறுதியில் வெளியாயிற்று. அப்போதும் பங்கு 100 டாலருக்கு மேல் இருந்தது. 2022 ஜனவரியில்தான் அது வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. இடையில் கிடைத்தது சில மாத அவகாசம். கையிருப்பு ஏறினாலே ஆபத்து என்றும் இல்லை. பண்டிகைக் காலத்துக்கோ புதிய நாட்டுச் சந்தைக்கோ முன்னேற்பாடாகச் சேர்த்தும் வைப்பார்கள். ஆகவே இது முடிவைச் சொல்லும் சூத்திரம் அல்ல, கேள்வி கேட்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி. விற்பனையைவிடக் கையிருப்பு வேகமாக வளர்கிறதா, உச்ச காலத்துத் தேவையை நம்பி ஆலைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்களா, ஒரே பொருளின் மேல் வருவாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இன்றைய பங்கு விலை சரியாக இருக்க இந்த வளர்ச்சி எத்தனை ஆண்டுகள் தொடர வேண்டும்? இவற்றுக்கெல்லாம் காலாண்டு அறிக்கையில் விடை இருக்கிறது. அதைத் தேடுவதற்குத் தேவையானது தொலைநோக்கு அல்ல, கொஞ்சம் பொறுமை.

க்ராக்ஸ் பிழைத்துக்கொண்டது. தன் 2007 உச்சத்தைப் பங்கு மீண்டும் தொட 2021 வரை ஆனது என்றாலும், அந்த ஆண்டு விற்பனை 231 கோடி டாலரைத் தாண்டியது. பங்கு நவம்பரில் 180 டாலரைத் தொட்டது. பிரபலங்களோடு சேர்ந்து சிறு அளவில் வெளியிட்ட காலணிகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. கூட்டத்தையும் கிடங்கையும் ஒருசேர ஆளக் கற்றுக்கொண்டதுபோலவே தெரிந்தது. அந்த உச்சத்தில், 2021 டிசம்பரில், இளைஞரிடையே வேகமாகப் பரவிக்கொண்டிருந்த ஹேடூட் என்ற காலணி நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2025இன் இரண்டாம் காலாண்டில், அதன் மதிப்பில் சுமார் 73.7 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. மோகத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தன் உடம்பிலேயே அனுபவித்த நிறுவனம், இன்னொருவர் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தக் கூட்டத்துக்கே விலை கொடுத்தது.